3.53 கோடி நிஜமா? எஸ்ஐபி கால்குலேட்டரை ஆட்டிப் பார்க்க 5 வழிகள்



மாசம் 10,000 ரூபாய், 30 வருஷம், 12% வருமானம். இந்த மூணு எண்ணையும் ஏதாவது ஒரு எஸ்ஐபி கால்குலேட்டர்ல போடுங்க. 3.53 கோடி ரூபாய்னு காட்டும். நாம கையில இருந்து போடுறது 36 லட்சம்தான், மிச்சமெல்லாம் கூட்டு வட்டி செய்யுற வேலை. கூட்டல் பெருக்கல்ல எந்தத் தப்பும் இல்லை.

ஆனா அந்த விடைக்குப் பின்னாடி எழுதாம விட்ட ஒரு வரி இருக்கு. "இந்த ஆள் 360 மாசமும் ஒரு தவணைகூட தவற விடமாட்டார். நடுவுல ஒரு ரூபாய்கூட எடுக்கமாட்டார்." இந்த அனுமானம் சந்தையைப் பத்தினது கிடையாது, உங்களைப் பத்தினது. அப்படிப் பார்த்தா எஸ்ஐபி கால்குலேட்டரும் மனுஷங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு கணிக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர் மாடல்தான்.

மாடல்னு வந்துட்டா, விடை என்னன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும்: எந்த அனுமானத்தை ஆட்டினா இந்த விடை அதிகமா ஆடும்? இதைக் கண்டுபிடிக்கிற வேலைக்குப் பேர்தான் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ், தமிழ்ல உணர்திறன் பகுப்பாய்வு. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். எக்ஸெல் தெரிஞ்சா போதும், பாதி தூரம் வந்துட்டீங்க.

உங்க கம்பெனியும் இதைப் பண்ணுது

நீங்க ஒரு லிஸ்டட் கம்பெனியில வேலை பார்க்கறீங்கன்னா, அதோட ஆண்டறிக்கையைத் திறந்து "கிராஜுவிட்டி"ன்னு தேடுங்க. ஊழியர்களுக்குப் பின்னாடி கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டிக்காக இன்னைக்கே எவ்வளவு பொறுப்பு காட்டணும்னு ஆக்சுவரி ஒருத்தர் கணக்குப் போட்டிருப்பார். அதுக்கு அவர் பல விஷயங்களை ஊகிக்கணும். சம்பளம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், எத்தனை பேர் வேலையை விட்டுப் போவாங்க, தள்ளுபடி விகிதம் என்ன, இப்படி. இதுல "எத்தனை பேர் போவாங்க" முழுக்க முழுக்க மனித நடத்தை.

இண்ட் ஏஎஸ் 19 கணக்கியல் தரநிலைப்படி, முக்கியமான ஒவ்வொரு அனுமானமும் மாறினா பொறுப்பு எவ்வளவு மாறும்னு கம்பெனி சொல்லியே ஆகணும். அந்த முறைக்கு என்னென்ன வரம்புகள் இருக்குன்னும் சொல்லணும். அதனாலதான் அங்க ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: தள்ளுபடி விகிதம் கூடினா, குறைஞ்சா, சம்பள உயர்வு கூடினா, குறைஞ்சா, ஆட்ரிஷன் கூடினா, குறைஞ்சா.

ஆட்ரிஷன்ல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஆளுங்க அதிகமா போனா பொறுப்பு குறையும்னுதான் தோணும். பொதுவா 5 வருஷம் முடியறதுக்கு முன்னாடி போறவங்களுக்கு கிராஜுவிட்டி கிடையாது, அந்த வகையில குறையும். ஆனா 5 வருஷம் முடிச்சவர் சீக்கிரம் போனா பணத்தையும் சீக்கிரமே கொடுக்கணும். சம்பள உயர்வைவிட தள்ளுபடி விகிதம் அதிகமா இருந்தா, அது பொறுப்பைக் கூட்டும். ஒரே குமிழ், ஆளைப் பொறுத்து ரெண்டு பக்கமும் இழுக்குது. மனித நடத்தை மாடல்ல இது அடிக்கடி நடக்கும்.

கம்பெனிக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, நம்ம ஓய்வுக்கால கணக்கை மட்டும் ஒரே ஒரு எண்ணை நம்பி விடலாமா?

முறை 1: ஒரு நேரத்தில் ஒன்று

ரொம்ப எளிய முறை இது. மத்த எல்லாத்தையும் அப்படியே வச்சுட்டு, ஒரே ஒரு அனுமானத்தை மட்டும் மாத்துறது. நம்ம அடிப்படைக் கணக்கு 3.53 கோடி. தவணை மாத ஆரம்பத்துல போகுது, மாசம் 1% கூட்டு வட்டி, வரி சேர்க்கல. இப்போ ஒவ்வொண்ணா ஆட்டுவோம்.

• வருமானம் 12%-க்குப் பதிலா 10%: 2.28 கோடி. 1.25 கோடி குறையுது.
• 2 வருஷம் தாமதமா ஆரம்பிச்சா: 2.76 கோடி. 77 லட்சம் குறையுது.
• 11-வது, 12-வது வருஷம் மட்டும் எஸ்ஐபியை நிறுத்தி, பழைய பணத்தைத் தொடாம விட்டா: 3.30 கோடி. 23 லட்சம் குறையுது.
• 10-வது வருஷக் கடைசியில சேர்ந்த 23.23 லட்சத்தையும் எடுத்துட்டு, எஸ்ஐபியை மட்டும் தொடர்ந்தா: கிட்டத்தட்ட 1 கோடி. 2.53 கோடி குறையுது.
• வருஷா வருஷம் தவணையை 10% உயர்த்தினா: 8.83 கோடி. 5.30 கோடி கூடுது.

இந்த வித்தியாசங்களைப் பெருசுல இருந்து சின்னதுக்கு அடுக்கிப் பட்டைப் படமா போட்டா, மேல அகலமா கீழ குறுகலா ஒரு சூறாவளி மாதிரி தெரியும். அதனால அதுக்கு டொர்னாடோ சார்ட்னு பேர். நம்ம சார்ட்ல மேல நிக்கறது யாருன்னு பாருங்க. தவணை உயர்வும், நடுவுல பணம் எடுக்கறதும். ரெண்டுமே நடத்தை. "எந்த ஃபண்ட் 1% அதிகம் தரும்"னு நாம மணிக்கணக்கா தேடுற விஷயம் மூணாவது இடத்துலதான் இருக்கு.

இன்னொண்ணையும் கவனிங்க. கஷ்டமான காலத்துல ரெண்டு வருஷம் எஸ்ஐபியை நிறுத்துறதால வர்ற நஷ்டம் 23 லட்சம். சேர்ந்ததை எடுக்கறதால வர்ற நஷ்டம் அதைப்போல 10 மடங்குக்கு மேல. வேலை போச்சு, பணம் வேணும்ங்கற நிலைமையில எதை முதல்ல விடணும், எதைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கணும்னு இந்த ஒரு ஒப்பீடே சொல்லிடுது.

ஒரு எச்சரிக்கை. எல்லா அனுமானத்தையும் ஒரே மாதிரி 10% கூட்டிக் குறைச்சுப் பார்த்தா போதும்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணையும் நிஜத்துல எவ்வளவு மாற வாய்ப்பிருக்கோ அவ்வளவு ஆட்டணும். வேலை மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்த பழக்கம் உங்களுக்கு இருந்தா, "நடுவுல எடுப்பேன்"ங்கறது உங்க கணக்குல கண்டிப்பா இருக்க வேண்டிய குமிழ். அதே மாதிரி 10% தவணை உயர்வு கேட்க இனிமையா இருக்கு, ஆனா 30-வது வருஷம் மாசத் தவணை 1.59 லட்சம் ஆகும். நீங்க போடுற மொத்தப் பணமும் 36 லட்சத்துல இருந்து 1.97 கோடியாகும். உங்க சம்பளம் அந்த வேகத்துல ஏறுமான்னு நீங்கதான் பார்க்கணும்.

முறை 2: ரெண்டு ரெண்டா ஆட்டுறது

ஒண்ணொண்ணா ஆட்டுற முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு. ரெண்டு விஷயம் சேர்ந்து மாறும்போது என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாது. இந்த நாலு விடையையும் பாருங்க.

• தவணை உயர்வு இல்லை, வருமானம் 12%: 3.53 கோடி
• தவணை உயர்வு இல்லை, வருமானம் 10%: 2.28 கோடி
• தவணை உயர்வு 10%, வருமானம் 12%: 8.83 கோடி
• தவணை உயர்வு 10%, வருமானம் 10%: 6.42 கோடி

வருமானம் 2% குறைஞ்சதால முதல் ஆளுக்கு 1.25 கோடி போச்சு. தவணையை உயர்த்துறவருக்கு அதே 2% சரிவால 2.41 கோடி போச்சு. தனித்தனி விளைவுகளைக் கூட்டிப் பார்த்திருந்தா 7.58 கோடி வரும்னு சொல்லியிருப்போம். வந்தது 6.42 கோடி. இந்த 1.16 கோடி வித்தியாசம்தான் இன்டராக்‌ஷன், அதாவது ரெண்டு அனுமானமும் ஒண்ணை ஒண்ணு பாதிக்கிற அளவு.

எக்ஸெல்ல இதைப் பண்றது சுலபம். "டேட்டா" மெனுவுல "வாட்-இஃப் அனாலிசிஸ்", அதுக்குள்ள "டேட்டா டேபிள்". வரிசையில ஒரு அனுமானம், நெடுக்குல இன்னொண்ணு.

அனுமானங்கள் கூடக் கூட இந்தக் குருட்டுப் புள்ளியும் பெருசாகும். ரெண்டு அனுமானத்தை ஒரு சதுரமா நினைச்சுக்கங்க. நடுவுல நின்னு ஒண்ணொண்ணா நகர்த்தினா, அந்தச் சதுரத்துக்குள்ள வரையற வட்டத்தைத் தாண்டி நாம போகவே மாட்டோம். வட்டம் சதுரத்துல 78.5%. மூணு அனுமானம்னா கனசதுரத்துக்குள்ள பந்து, 52.4%. பத்து அனுமானம்னா அந்தப் "பந்து" மொத்த இடத்துல வெறும் 0.25%. மிச்ச மூலைகளை நாம எட்டிக்கூட பார்க்கல. ஆண்ட்ரியா சால்டெல்லியும் பாவ்லா அன்னோனியும் 2010-ல இந்த வடிவியல் வாதத்தை வச்சுத்தான், ஒண்ணொண்ணா ஆட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு சொல்லாதீங்கன்னு ஆராய்ச்சியாளர்களுக்கு எடுத்துச் சொன்னாங்க. நம்ம வாழ்க்கையிலயும் பிரச்சனை மூலையிலதான் நிக்கும். சந்தை சரியும், அதே சமயம் வேலை போகும், அதே சமயம் வீட்டுல மருத்துவச் செலவு வரும்.

முறை 3: மோரிஸ் நடை

மூலைகளையும் பார்க்கணும், ஆனா லட்சக்கணக்கான தடவை ஓட்ட நேரமில்லை. அதுக்கு மாக்ஸ் மோரிஸ் 1991-ல ஒரு வழி சொன்னார். ஏதோ ஒரு இடத்துல இருந்து கிளம்புங்க. ஒரு அனுமானத்தை மாத்துங்க, விடை எவ்வளவு நகர்ந்துச்சுன்னு குறிங்க. அங்க இருந்தே அடுத்த அனுமானத்தை மாத்துங்க, குறிங்க. எல்லாம் முடிஞ்சதும் வேற ஒரு இடத்துல இருந்து புதுசா கிளம்புங்க. 5 அனுமானம் இருந்தா ஒரு நடைக்கு 6 ஓட்டம். 10 நடைக்கு 60 ஓட்டம்தான்.

கடைசியில ஒவ்வொரு அனுமானத்துக்கும் ரெண்டு எண் கிடைக்கும். சராசரியா எவ்வளவு நகர்த்துச்சு, அந்த நகர்வு இடத்துக்கு இடம் எவ்வளவு வித்தியாசப்பட்டுச்சு. சராசரி சின்னதா இருந்தா அந்த அனுமானத்தை ஒரு எண்ணுல நிறுத்திட்டு மறந்துடலாம். வித்தியாசம் பெருசா இருந்தா அது மத்த அனுமானங்களோட பின்னிக் கிடக்குன்னு அர்த்தம், இல்லைன்னா நேர்கோட்டுல போகலைன்னு அர்த்தம். மேல பார்த்த வருமானக் குமிழ் அப்படித்தான். ஒரு இடத்துல 1.25 கோடி, இன்னொரு இடத்துல 2.41 கோடி. சராசரி 1.83 கோடி, ஆனா இடத்தைப் பொறுத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

முறை 4: சோபோல் பங்கு

ரஷ்யக் கணிதவியலாளர் இல்யா சோபோல் கேட்டது வேற கேள்வி. விடை மொத்தமா இவ்வளவு ஏறி இறங்குதே, அந்த ஏற்ற இறக்கத்துல யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு? வழக்கமா இதுக்கு ஆயிரக்கணக்கான தடவை மாடலை ஓட்டணும். நம்மகிட்ட இருக்கிற நாலு விடையை வச்சே கையால போட்டுப் பார்க்கலாம். நாலுக்கும் சம வாய்ப்புன்னு வச்சுக்குவோம்.

நாலோட சராசரி 5.265 கோடி. சராசரியில இருந்து ஒவ்வொண்ணும் விலகுற தூரத்தை வர்க்கமாக்கி சராசரி எடுத்தா 6.49. இதுதான் மொத்த ஏற்ற இறக்கம். தவணை உயர்வு இல்லாதவங்க சராசரி 2.905, இருக்கிறவங்க சராசரி 7.625. வித்தியாசத்துல பாதி 2.36, அதோட வர்க்கம் 5.57. அப்போ தவணை உயர்வோட பங்கு 86%. வருமானத்துக்கும் இதே மாதிரி போட்டா 0.84, அதாவது 13%. மிச்சம் 1% இன்டராக்‌ஷன்.

இப்போ ஒண்ணு புரியுதா? 1.16 கோடி இன்டராக்‌ஷன் தனியா பார்க்கும்போது பயமுறுத்துச்சு. மொத்தப் படத்துல அது 1% மட்டும்தான். எதுக்குக் கவலைப்படணும், எதுக்கு வேண்டாம்னு பிரிச்சுக் காட்டுறதுதான் சோபோல் முறையோட பலன். அதே நேரம் இந்த 86% கல்வெட்டு இல்லை. தவணை உயர்வை 0-வுக்கும் 10%-க்கும் நடுவுல ஆட்டினதால வந்த எண் இது. 0-வுக்கும் 2%-க்கும் நடுவுல ஆட்டினா பங்கு வேற மாதிரி வரும்.

பெரிய மாடல்கள்லயும் இதே கதைதான். 2020-ல கொரோனா பரவலைக் கணிக்க பிரிட்டன் அரசு ஓரளவு நம்பின கோவிட்சிம் மாடலை ஒரு குழு இப்படிச் சோதிச்சு, 2021-ல முடிவை வெளியிட்டாங்க. அந்த மாடல்ல மொத்தம் 940 அளவுருக்கள். விடையை அதிகமா ஆட்டினது 19 மட்டும். அந்த உள்ளீடுகள்ல இருக்கிற நிச்சயமின்மை விடையில 300% வரைக்கும் பெரிசாகி வந்துச்சு. மேல வந்த அளவுருக்கள்ல நோய் உடம்புக்குள்ள மறைஞ்சிருக்கிற காலத்தோட, மக்கள் எவ்வளவு விலகி இருப்பாங்க, தனிமைப்படுத்தல் ஆரம்பிக்க எவ்வளவு தாமதமாகும்ங்கற நடத்தை சார்ந்த விஷயங்களும் இருந்துச்சு.

முறை 5: நடத்தையை விதியா எழுதுறது

இதுவரைக்கும் ஒவ்வொரு அனுமானமும் தனித்தனியா மாறும்னு வச்சுக்கிட்டோம். நிஜம் அப்படி இல்லை. 2020 ஜனவரி நடுவுல 12,362-ல இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்னைக்கு 7,610-ல முடிஞ்சுது. சுமார் 38% சரிவு. ஒருத்தர் எஸ்ஐபியை நிறுத்தணும், பணத்தை எடுத்துடணும்னு நினைக்கிறது இந்த மாதிரி நாள்லதான். சந்தை நல்லா போகும்போது அந்த எண்ணமே வராது. அதாவது நடத்தையும் வருமானமும் கைகோத்து வருது.

அதனால "2 வருஷம் நிறுத்துவேன்"னு எண்ணா எழுதாம, "சந்தை உச்சத்துல இருந்து இத்தனை சதவீதம் விழுந்தா நிறுத்துவேன்"னு விதியா எழுதணும். அப்புறம் அந்த வாசல் எண்ணை ஆட்டிப் பார்க்கணும். 20%, 30%, 40%. இந்த வாசல் எண்கள் ரொம்ப விஷமமானவை. தாமஸ் ஷெல்லிங் 1971-ல வெளியிட்ட குடியிருப்பு மாடல் இதுக்குப் பேர்போன உதாரணம். அண்டை வீட்டுக்காரர்கள்ல 30% பேர் தன்னைப் போல இருந்தா போதும்னு ஒவ்வொருத்தரும் நினைச்சாலே, நெட்லோகோ மென்பொருள்ல இருக்கிற அந்த மாடலோட வடிவத்துல, ஊர் சுமார் 70% ஒரே மாதிரி ஆட்களா பிரிஞ்சு நிக்குது. ஆனா வாசலை ரொம்ப உயர்த்தினா யாரும் எங்கயும் நிலைக்காம அலைஞ்சுகிட்டே இருக்காங்க, பிரிவே உருவாகறதில்லை. குமிழைக் கொஞ்சமா திருப்பினா விடை கொஞ்சமா மாறும்ங்கற நம்பிக்கை இங்க உடைஞ்சு போகுது.

விதியும் தற்செயலும் உள்ள மாடலை ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு முடிவுக்கு வரக்கூடாது. அதே உள்ளீட்டுல பல தடவை ஓட்டி, தற்செயலால வர்ற ஆட்டம் எவ்வளவு, அனுமானத்தால வர்ற ஆட்டம் எவ்வளவுன்னு பிரிக்கணும்.

கடைசியா, இல்லாத குமிழ்

எந்த முறையா இருந்தாலும் மாடல்ல இருக்கிற குமிழைத்தான் திருப்ப முடியும். நம்ம கால்குலேட்டர்ல பணவீக்கம் கிடையவே கிடையாது. 6% பணவீக்கம்னு வச்சா 30 வருஷம் கழிச்சு வர்ற 3.53 கோடியோட இன்னைய மதிப்பு சுமார் 61 லட்சம். 5%-ன்னா 82 லட்சம், 7%-ன்னா 46 லட்சம். மாடல்ல எது விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேரும் உதவாது, நாமதான் யோசிக்கணும்.

இந்த வாரம் பண்ண வேண்டியது

ஒண்ணு: உங்க சொந்த எண்களோட முறை 1-ஐப் போட்டு, அஞ்சு அனுமானத்தை வரிசைப்படுத்துங்க.

ரெண்டு: மேல வர்ற ரெண்டை மட்டும் எடுத்து டேட்டா டேபிள் போடுங்க. அதுல மோசமான மூலையில இருக்கிற எண்ணைப் பாருங்க. அதோட உங்களால வாழ முடியுமா? முடியாதுன்னா திட்டம் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

மூணு: மேல நிக்கறது நடத்தைன்னா, அதை மன உறுதிக்கு விடாதீங்க. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல வெளியிட்ட ஆய்வுல, அடுத்தடுத்த சம்பள உயர்வு வரும்போது சேமிப்பும் தானா உயரும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்ட ஊழியர்களோட சேமிப்பு விகிதம் 40 மாசத்துல 3.5%-ல இருந்து 13.6%-க்குப் போச்சு. அப்ரைசல் மாசத்துக்கு ஸ்டெப்-அப்பை இப்பவே செட் பண்ணிடுங்க. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தனியா வையுங்க. "நடுவுல எடுக்கறது"ங்கற 2.53 கோடி குமிழைப் பூட்டுற சாவி அந்த அவசர நிதிதான்.

எக்ஸெல்ல இதை ஒவ்வொரு செல்லா எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன். உங்க டொர்னாடோல முதல் இடத்துல எது வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க.